மதகடியில் கழுத்தில்லாத சோடா பாட்டில்கள்: ஒரு தோட்டத்து ஏரியின் நிகழ்வு ஆய்வு

மூன்று நாளில் அந்த ஏரியிலிருந்து 64 பாட்டில்கள் வெளியே வந்தன. அவற்றில் 41 பாட்டில்களைப் பற்றித்தான் என்னால் ஏதாவது சொல்ல முடியும். மீதி 23 பாட்டில்கள் அலமாரியில் வைக்க அழகாக இருக்கின்றன, ஆனால் அவை எங்கே கிடந்தன, எதன் மேல் எது கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. அந்த 23-ஐயும் முதல் நாள் ஆர்வத்தில் அள்ளி மேலே போட்டோம். அந்த இழப்பு மனதில் இருப்பதால்தான் நடந்தது முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

இடம்

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் சின்ன ஏரி அது. ஓடை ஒன்றை மண்கரை போட்டு மறித்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பழைய துரை பங்களா, அதிலிருந்து தண்ணீருக்கு இறங்கும் கல்படிகள். எதிர்ப்பக்கம் மதகு, அதற்கு மேலே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகள். சுற்றிலும் சில்வர் ஓக், கொஞ்சம் கற்பூர மரம். கரை கசிகிறது என்று பழுது பார்க்க நீர்மட்டத்தை இறக்கியிருந்தார்கள். மார்ச் மாதம். ஆழமான இடத்திலேயே 12 அடிதான் தண்ணீர். கல்படி ஓரம் ஒரு பாட்டிலின் அடிப்பாகம் சேற்றில் தலைகாட்டியதைத் தோட்டத்து மேலாளர் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பத்து வருடமாகக் காயலான் கடைகளில் பழைய பாட்டில் தேடுகிறவன் என்பது அவருக்குத் தெரியும்.

ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும் இருக்கும்போது இங்கே ஏன் என்று நண்பர்கள் கேட்டார்கள். நம் மலைவாசத் தலங்களின் ஏரிகள் பெரும்பாலும் மனிதர் கட்டியவை. ஊட்டி ஏரியைக் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1823-இல் தொடங்கி 1825-க்குள் உருவாக்கினார். கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் காலத்தில் வந்தது. அணை கட்டிய வருடத்துக்கு முன்னால் அந்தத் தண்ணீரில் யாரும் பாட்டில் எறிந்திருக்க முடியாது. ஆக, ஏரி கட்டிய ஆண்டு நமக்கு ஒரு கீழ் எல்லையைத் தந்துவிடுகிறது. பாட்டில் தேடுகிறவனுக்கு இது பெரிய உதவி. ஆனால் ஊட்டி ஏரி சுருங்கிவிட்டது. பழைய ஏரிப் பரப்பின் ஒரு பகுதியில் இன்று பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் நிற்கின்றன. முதல் தலைமுறை வெள்ளைக்காரர்கள் கரையோரம் எறிந்தது ஏதாவது இருந்தால் அதற்கு அடியில்தான் இருக்கும். மிச்சமிருக்கும் ஏரியில் பல பத்தாண்டுக் கழிவுநீர் கலந்திருக்கிறது. கொடைக்கானலில் இன்னும் கடுமையான காரணம் உண்டு. 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் அந்த ஏரியின் அடிமண்ணிலும் மீனிலும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தச் சேற்றைப் பாட்டிலுக்காகக் கலக்குவது தப்பு. என்னைக் கேட்டால், அனுமதியே கிடைத்தாலும் அங்கே இறங்கக் கூடாது என்பேன்.

இறங்கியவர்

எனக்கு நீச்சல் தெரியும், மூழ்கத் தெரியாது. தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற ஒரு தம்பியை வரவழைத்தேன். அவர் தன் மச்சானையும் கூட்டி வந்தார். முத்துக் குளித்த காலத்திலிருந்தே அங்கே இது வழக்கம் என்பார்கள். மேலே கயிறு பிடிப்பவன் பெண்டாட்டியின் தம்பியாக இருந்தால் அக்காவின் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான்.

அவர் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்துக்கு ஏறி வந்திருந்தார். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. அதோடு குளிர். கடலில் அவர் சாதாரணமாக இருக்கும் நேரம் இங்கே முடியவில்லை. முதல் முழுக்கிலேயே மேலே வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வந்த அன்றே இறக்கியது என் தவறு. ஒரு நாள் ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். இன்னொன்று, கடல்நீரில் உடம்பு மிதக்கும் அளவுக்கு நன்னீரில் மிதக்காது. இடுப்பில் கட்டும் ஈயக்குண்டைக் குறைக்காவிட்டால் நேரே சேற்றுக்குள் போய்விடுவோம். அதை அவரே உணர்ந்து பாதியைக் கழற்றிவிட்டார்.

காற்று உருளை கட்டி இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடல்மட்டத்துக்கு எழுதிய ஆழம், நேரக் கணக்கு மலையில் செல்லாது. உயரத்துக்கு ஏற்பத் திருத்திய கணக்கு வேண்டும். 12 அடியில் எங்களுக்கு அது பிரச்சினையாக இல்லை.

காலை எட்டு மணிக்கு முன் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று காவல்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காட்டெருமைகள் தண்ணீர் குடிக்க வரும் நேரம் அது.

முதல் நாள் நடந்த பிழை

அடியில் கை வைத்ததுமே சேறு கலங்கி ஒன்றும் தெரியாமல் போய்விடும். தம்பி கையால் தடவி எடுத்து வலைப்பையில் போட்டு, கயிற்றை இரண்டு முறை இழுப்பார். மச்சான் பையைத் தூக்குவார். நான் கரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன். படிப்பக்கம் கொஞ்சம், மதகுப்பக்கம் கொஞ்சம் என்று எடுத்ததையெல்லாம் ஒரே தார்ப்பாயில் பரப்பினோம். சாயங்காலம் 23 பாட்டில். பச்சை, பழுப்பு, கடல் நீலம் என்று வெயிலில் மின்னியபோது எனக்குக் கை நடுங்கியது. அன்றிரவு நண்பர்களுக்கெல்லாம் போன் செய்து, நூறு வருடத்துக்கு மேற்பட்ட கோலி சோடா பாட்டில் ஏழு கிடைத்திருக்கிறது என்று சொன்னேன்.

அப்படிச் சொல்ல எனக்கு இரண்டு காரணம் இருந்தன. ஒன்று வடிவம். தொண்டையில் கண்ணாடிக் கோலியை அடைத்து வைக்கும் பாட்டிலை இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் 1872-இல் காப்புரிமை பெற்று நிலைநிறுத்தினார். சோடாவை நிரப்பிக் கவிழ்த்தால் உள்ளே இருக்கும் வாயுவே கோலியைத் தள்ளி, வாயோரத்து ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடிக்கும். தனியாக மூடியே வேண்டாம். இரண்டாவது காரணம் அச்சுக்கோடு. பாட்டிலின் பக்கவாட்டில் அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அது வாய் விளிம்புக்குக் கீழேயே நின்றுவிட்டால் வாயைக் கையால் செய்திருக்கிறார்கள். விளிம்பைத் தாண்டி மேலே வரை ஓடினால் அது தானியங்கி இயந்திரத்தில் வார்த்தது. மைக்கேல் ஓவன்ஸ் அந்த இயந்திரத்தை உருவாக்கியது 1903 வாக்கில். அந்த ஏழில் இரண்டுக்கு வாய்ப்பகுதி துண்டாகத் தனியே வந்திருந்தது. கோடு விளிம்புக்குக் கீழேயே நின்றது. 1903-க்கு முந்தையது என்று முடிவு கட்டிவிட்டேன்.

இது மேல்நாட்டுக் கையேடுகளின் கணக்கு. அங்கே கோலி பாட்டில் 1930-களோடு வழக்கொழிந்துவிட்டது. நம் ஊரில் அது ஒழியவே இல்லை. வேலூரில் 1924-இல் தொடங்கிய கண்ணுசாமி முதலியார் கோலி சோடா தலைமுறை தாண்டியும் பேர் சொல்கிறது. என் சிறுவயதில் பேருந்து நிலையக் கடையில் கட்டை விரலால் 'டக்'கென்று அமுக்கித் தருவார்கள். கண்ணாடியில் கைவேலையும் இந்தியாவில் இயந்திரம் வந்த பிறகு நெடுங்காலம் தொடர்ந்தது. ஆக, வடிவம் பிறந்த வருடத்தை வைத்து, அந்தப் பாட்டில் ஏரியில் விழுந்த வருடத்தைச் சொல்ல முடியாது. இதை நான் அறியாதவன் இல்லை. ஆனாலும் கையில் ஈரத்தோடு பாட்டில் இருக்கும்போது மறந்துபோய்விட்டது.

இரண்டாம், மூன்றாம் நாள்: ரப்பர் பேண்ட் முறை

மறுநாள் காலை வேலையை நிறுத்தி உட்கார்ந்து பேசினோம். கரையில் பத்தடிக்கு ஒரு மூங்கில் குச்சி நட்டு எண் போட்டோம். எதிர்க்கரைக்குக் கயிறு கட்டி அதிலும் பத்தடிக்கு ஒரு முடிச்சு. எங்கே இறங்குகிறோம் என்பது இப்போது எழுத்தில் இருக்கும். ஆனால் எது மேலே, எது கீழே என்பதை இருட்டில் தம்பி எப்படிக் குறிப்பார்? எழுத முடியாது. வழியை அவரே சொன்னார்.

"அண்ணாச்சி, கையில ரப்பர் பேண்டு மாட்டிக்கிடுதேன். மேலாக்க கெடக்கறதுக்கு ஒண்ணு. சேத்துக்குள்ள முழங்கை போற ஆழத்துல உள்ளதுக்கு ரெண்டு."

ஐந்து ரூபாய் ரப்பர் பேண்ட் பாக்கெட். இந்த ஆய்வில் சொல்லத்தக்க முடிவு எல்லாமே அதிலிருந்துதான் வந்தது. மேலே வந்ததும் தேயிலை எடைச் சீட்டில் குச்சி எண், முடிச்சு எண், ஒற்றையா இரட்டையா என்று எழுதிப் பாட்டிலில் கட்டினோம். இரண்டு நாளில் 41: படிப்பக்கம் 22, மதகுப்பக்கம் 19.

படிப்பக்கத்தில் பங்களாவின் வாழ்க்கை கிடந்தது. ஒற்றை ரப்பர் பேண்டில் திருகுமூடிச் சாராய பாட்டில்கள், குவார்ட்டர்கள். இரட்டை ரப்பர் பேண்டில் கரும்பச்சை ஒயின் பாட்டில்கள், மை பாட்டில் ஒன்று, பக்கவாட்டில் வேளைக் கோடுகள் புடைத்திருக்கும் மருந்து பாட்டில்கள் இரண்டு. அடி உருண்டையாக, நிற்கவே முடியாத ஒரு பாட்டிலைத் தம்பி 'பெரிய பம்பரம்' என்று சொல்லி அனுப்பினார். அது கோலிக்கு முந்தைய சோடா பாட்டில். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் ஹாமில்டன் பெயரில் பிரபலமானது. நிறுத்தி வைத்தால் கார்க் காய்ந்து சுருங்கி வாயு கசிந்துவிடும். நிற்கவே முடியாதபடி செய்தால் படுத்தே கிடக்கும், கார்க் நனைந்தே இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல். அதற்கு முன் என்றால் இந்தக் கனத்த கண்ணாடி மாட்டு வண்டியில்தான் மலை ஏறியிருக்க வேண்டும். ஆனால் இந்த வகை 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை புழங்கியது. அதனால் ரயிலுக்கு முன்னா பின்னா என்று இதற்கு நான் முத்திரை குத்தவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நடந்ததை மறக்க மாட்டேன். கயிறு வழக்கத்துக்கு மாறாக ஒரே ஒருமுறை இழுபட்டது. தம்பி வெறுங்கையோடு மேலே வந்து கல்படியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சின்ன பாட்டிலு அண்ணாச்சி. மூலை மூலையா இருக்கு, மேலெல்லாம் வரி வரியா இருக்கு. தொட்டதும் என்னவோ மாதிரி இருந்துச்சு, எடுக்கல. கொண்டாரட்டுமா?"

பக்கெட் இறக்கி, அதற்குள் வைத்துத் தூக்கினோம். அறுகோணம், அடர் நீலம், செங்குத்து வரிகள். விஷ மருந்து பாட்டில். மெழுகுவர்த்திக் காலத்தில், நள்ளிரவில் தலைவலி மருந்துக்குக் கை நீட்டுகிறவர் தவறிப்போய் விஷத்தை எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே நிறத்தையும் வடிவத்தையும் வரிகளையும் வைத்தார்கள். கண் தெரியாத இருட்டில் விரல் எச்சரிக்கை பெற வேண்டும். இத்தனை காலம் கழித்து, கலங்கிய தண்ணீரில், அந்த மருந்துக்கடை எழுத்தைப் படித்திராத ஒரு சங்குக்குளியாளின் விரலை அது நிறுத்தியிருக்கிறது. செய்தவருக்குத் தெரிந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! கார்க் இன்னும் இருந்தது, உள்ளே கால்வாசி திரவமும் இருந்தது. திறக்கவில்லை, முகரவில்லை. மணல் நிரப்பிய டப்பாவில் வைத்துத் தோட்டத்து மருந்துக் கிடங்கில் பூட்டியிருக்கிறார்கள். மூடியோடு எது கிடைத்தாலும் இதுதான் வழி.

மதகுப்பக்கப் புதிர்

19 பாட்டில்களில் 17 கோலி வகை. அந்தப் 17-இல் 16-க்குக் கழுத்து இல்லை. எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில், தோள்பட்டைக்கு மேலே உடைந்திருந்தன. 16-இல் ஒன்றில்கூடக் கோலி இல்லை. சேற்றைச் சல்லடையில் சலித்தும் ஒரு கோலிகூட வரவில்லை. முழுசாக இருந்த ஒரே பாட்டிலில் மட்டும் கோலி உருண்டுகொண்டிருந்தது.

கோலி போன இடம் எனக்குப் புரிந்தது. பிள்ளைகள் விளையாட எடுத்திருப்பார்கள். உலகம் முழுக்க இந்த வகைப் பாட்டில் முழுசாகக் கிடைப்பது அரிதானதற்கு அதுதான் காரணம் என்பார்கள். புரியாதது வேறு. கோலி சோடா பாட்டில் யாரும் தூக்கி எறியும் பொருள் கிடையாது. குடித்தவன் கடையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும், கடைக்காரர் திரும்ப நிரப்புவார். பாட்டில்தான் அவருடைய முதல். கரையிலேயே உடைத்து அங்கேயே போட்டிருந்தால் ஆழமில்லாத ஓரத்தில் சில்லு கிடந்திருக்கும். ஓரத்தில் ஒன்றுமில்லை. ஏரியிலேயே ஆழமான, மதகை ஒட்டிய 12 அடியில் போய் எப்படி இத்தனை?

காலத்துக்கான பதில் ரப்பர் பேண்டில் இருந்தது. 16 உடைந்த பாட்டில்களும் ஒற்றை ரப்பர் பேண்ட். அவற்றுக்கு அடியில் இரட்டை ரப்பர் பேண்டோடு வந்த இரண்டு பழுப்பு பாட்டில்களுக்கு வாய் தகர மூடி போடும் வகை. அந்த மூடியே 1892-இல் வில்லியம் பெயின்ட்டர் கண்டது. அதைவிட முக்கியமாக, அச்சுக்கோடு விளிம்பு தாண்டி ஓடியது, அடியில் இயந்திரம் கண்ணாடியை உறிஞ்சி வெட்டிய வட்டத் தழும்பு. அதாவது 1903-க்குப் பிந்தையவை. கீழே கிடப்பதே அதற்குப் பிந்தையது என்றால் மேலே விழுந்தவை இன்னும் பிந்தையவை. நண்பர்களிடம் நான் சொன்ன கணக்கு அங்கேயே உடைந்தது. முதல் நாள் எடுத்த ஏழும் இதே குவியலின் மேல்பகுதியாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் குறிப்பு இல்லாததால் அதை இதோடு சேர்க்க எனக்கு உரிமை இல்லை.

வயதைத் தப்பாகச் சொல்வது பெருமைப் பிரச்சினை மட்டும் கிடையாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த கலைப்பொருள், கைவினைப்பொருள் தொல்பொருள் ஆகிவிடும். விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமோ, மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. எறிந்த பாட்டில் புதையலா என்று விவாதிக்காமல் தோட்டத்தின் பெயரில் பட்டியலோடு ஒரு கடிதம் கொடுத்துவிட்டோம். எந்த ஏரியில் இறங்கினாலும் முதலில் உரிமையாளரின் எழுத்து அனுமதி, பிறகு இந்தக் கடிதம்.

கழுவியதில் ஒரு சேதம் நடந்தது. குளிர்ந்த ஏரியிலிருந்து வந்த ஒரு மருந்து பாட்டிலை வென்னீரில் முக்கியதும் 'டிக்' என்ற சத்தத்தோடு நெடுக விரிசல் விட்டது. பாட்டிலைக் கழுவும் நீரின் வெதுவெதுப்புக்கு மெதுவாகக் கொண்டுவர வேண்டும். கம்பி பிரஷ், ஆசிட் ஆகாது. பழைய கண்ணாடியின் மேல் வானவில்போல மினுங்கும் படலம் அழுக்கு கிடையாது. தண்ணீர் கண்ணாடியிலிருந்து காரச்சத்தை இழுத்ததால் உரியத் தொடங்கிய கண்ணாடியேதான். தேய்த்தால் அதுவும் போய்விடும்.

பாட்டி சொன்னது

மதகுப்பக்கப் பாட்டில்களைக் கரையில் வரிசையாக வைத்திருந்தோம். லயன் வீட்டிலிருந்து ஒரு பாட்டி இறங்கி வந்தார். எண்பதைத் தாண்டியவர், இதே தோட்டத்தில் பிறந்து இங்கேயே கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். உடைந்த பாட்டிலைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது நாங்க போட்டது கண்ணு" என்றார்.

அவருக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும்போது, அதாவது 1950-களில், தோட்டத்து கிளப்புக்குப் பெட்டி பெட்டியாகச் சோடா வரும். காலி பாட்டில்கள் கிளப்புக்குப் பின்னால் அடுக்கியிருக்கும். பிள்ளைகள் சாயங்காலம் ஒன்றிரண்டை எடுத்துவந்து மதகுக் கல்லில் கழுத்தைத் தட்டிக் கோலியை எடுத்துக்கொள்வார்கள்.

"வண்டிக்காரரு வந்து எண்ணுவாரு. கொறஞ்சா கங்காணிகிட்ட சொல்லிருவாரு, அப்பாவுக்குக் கூலியில புடிப்பாங்க. ஓரமா போட்டா தண்ணி வத்துனா தெரிஞ்சுருமில்ல? அதான் மதகடில, ஆழத்துல போட்டுருவோம். சில்லையும் பொறுக்கிப் போட்டுருவோம், காலுல குத்துமே."

ஆழம், கோலி இல்லாதது, ஒரே இடத்துக் குவியல், ஓரத்தில் சில்லு இல்லாதது எல்லாவற்றுக்கும் அந்த நாலு வாக்கியத்தில் விடை இருந்தது. அடுக்கு சொன்ன காலத்தோடும் பொருந்தியது. திரும்பக் கொடுக்க வேண்டிய பாட்டில் என்பதாலேயே அது ஏரிக்குள் ஒளிந்திருக்கிறது. (2022-இல் இதே நீலகிரியில்தான் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தை முதலில் கொண்டுவந்தார்கள். உடைந்த கண்ணாடி யானைக் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் கவலைப்பட்ட பிறகு வந்தது அது.)

கரைப்பழுது முடிந்து மே மாதம் மறுபடி தண்ணீர் கட்டினார்கள். மதகடியில் முழங்கைக்குக் கீழே உள்ள சேற்றை நாங்கள் தொடவில்லை. மூங்கில் குச்சிகளின் இடத்தைக் கரைக் கல்லில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறோம். தோட்டத்து அலுவலகத்தில் ஓர் அலமாரியில் 41 பாட்டில்கள் சீட்டோடு இருக்கின்றன, விஷ பாட்டிலுக்குப் பதிலாக ஒரு புகைப்படம். கோலி பாட்டில்களின் சீட்டில் '1950-கள், லயன் பிள்ளைகள்' என்று திருத்தினேன். கீழ்த்தட்டில் இருக்கும் 23-இன் சீட்டில் 'இடம் தெரியாது' என்று எழுதியிருக்கிறது.

அந்த முழு பாட்டிலைப் பாட்டி கையில் வாங்கிக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். கோலி கிணுகிணுத்தது. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை மட்டும் எப்படி விட்டோம்?" என்று கேட்டார்.